யாரைக் கேட்டு மூடினீர்கள்?

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரைச் சாலை, மணக்குள விநாயகர், ஆசிரமம், பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, பையில் இரண்டு பாட்டிலோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை போனால் கடலூர் சாலையில் முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். உள்ளூர்க்காரர்கள் 'ரோடியர் மில்' என்று சொல்லும் பஞ்சாலை அங்கே இருக்கிறது. காகிதத்தில் அதன் பெயர் ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், சுருக்கமாக ஏ.எஃப்.டி. 1898-ல் ஆரம்பித்தது. 2020 ஏப்ரலில் இழுத்து மூடிவிட்டார்கள். பக்கத்திலிருக்கும் திடலில் அரசியல் கூட்டம் நடக்கும். பஞ்சாலைச் சங்கு மட்டும் ஊதுவதில்லை.

இந்த வாரம் நாம் பேசப்போவது கார்ப்பரேட் கவர்னன்ஸ். பெயரைக் கேட்டவுடன் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதைத் தமிழில் 'நிறுவன ஆளுகை' என்று எழுதுகிறார்கள். படித்தால் கோட்டு சூட்டு போட்டவர்கள் ஏ.சி. அறையில் பேசிக்கொள்ளும் சமாசாரம் மாதிரி இருக்கிறது. நம் வீட்டுத் தமிழில் அது ஒரே ஒரு கேள்வி. 'யாரைக் கேட்டுச் செய்தாய்?' அவ்வளவுதான். அப்பா பொட்டியைத் திறந்து பணம் எடுத்தால் அம்மா கேட்பாளே, அந்தக் கேள்வி. ஒரு கம்பெனியில் அதைக் கேட்கிற உரிமை யாருக்கு இருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கு இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இதைப் படிக்க பம்பாய் தலால் தெருவைவிட புதுச்சேரி நல்ல இடம். ஏனென்றால் 'முதலாளி' என்று எத்தனை தினுசு உண்டோ அத்தனையையும் பார்த்துவிட்ட ஊர் அது. ராஜா சாசனம் கொடுத்த கம்பெனி, ஐரோப்பிய முதலாளி, வடநாட்டு முதலாளி, மத்திய அரசு, உள்ளூர் அரசு எல்லாம் வந்து போயாயிற்று.

முதலில் ஊரையே ஒரு கம்பெனிதான் உண்டாக்கியது. 1664-ல் பதினான்காம் லூயி காலத்தில், அவருடைய மந்திரி கோல்பேர் யோசனைப்படி பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. பத்து வருஷம் கழித்து, 1674-ல், பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் வந்து உட்கார்ந்தார். பங்கு போட்டவர்கள் பிரான்சில். துணி நெய்தவர்கள் இங்கே. இடையில் ஆறு மாசக் கடல் பயணம். கம்பெனியின் கவர்னரே வியாபாரியும், தளபதியும், நீதிபதியும். கணக்குப் பிள்ளையே நாட்டாமையாகவும் இருந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்?

எப்படி இருக்கும் என்பதற்கு நைனியப்ப பிள்ளை சாட்சி. ஆனந்தரங்கப் பிள்ளையைப் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்பீர்கள், கம்பெனியின் துபாஷாக இருந்து 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதியவர். அவருக்கு மாமன் முறை இந்த நைனியப்பர். அவரும் கம்பெனிக்குத் தலைமைத் தரகராக இருந்தவர்தான். கவர்னர் எபேருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1716-ல் பிடித்து உள்ளே போட்டார்கள். கம்பெனி அதிகாரிகளே விசாரித்து, கம்பெனி அதிகாரிகளே தீர்ப்பும் சொன்னார்கள். கடைத்தெருவில் வைத்து ஐம்பது கசையடி, அபராதம், சிறை. மறு வருஷம் சிறையிலேயே செத்துப்போனார். அதற்கப்புறம் மகன் குருவப்பர் பிரான்சுக்குக் கப்பலேறினார். நைனியப்பரை நம்பி வியாபாரம் செய்த சேன்மாலோ ஊர் வணிகர்களும் அவருக்காக மனுப்போட்டார்கள். கடைசியில் பாரிஸில் தீர்ப்பு ரத்தானது. நிரபராதி என்றார்கள். ஆளைத்தான் திருப்பித் தர முடியவில்லை. இன்றைக்கும் புதுச்சேரியில் நைனியப்ப பிள்ளை வீதி இருக்கிறது. அந்த வழியாக ஸ்கூட்டரில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியுமோ!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாரிஸ் காது கொடுத்துக் கேட்டது நியாயத்துக்காக மட்டுமா? பணம் போட்டவர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள், அதனால்தான் கேட்டது. பங்கு உள்ளவன் பேசினால் கம்பெனிக்குக் காது கேட்கும். உயிர் போகிறவன் பேசினால் கேட்காது. முந்நூறு வருஷத்துக்கு முந்தின கதை என்று தள்ளிவிடாதீர்கள். இது இன்னும் முடியவில்லை.

கம்பெனி போய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மில்கள் வந்தன. சவானா மில் 1828 வாக்கில். பிறகு கெப்ளே மில். அப்புறம் ரோடியர் மில். இங்கே நெய்து நீலச்சாயம் தோய்த்த 'கினே' துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் போனது. புதுச்சேரியின் சாதாரண ஜனங்களுக்கு அரிசி போட்டது இந்த மில்கள்தான், சந்தேகமே இல்லை. கம்பெனி என்றாலே பேய், பிசாசு என்று நான் சொல்ல வரவில்லை. சங்கு ஊதினால்தான் ஊரில் அடுப்பு எரிந்தது.

ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை. கெப்ளே துரை மில் முதலாளி, அவரே நகரத்து மேயரும். இவரைப் பற்றி யாரிடம் போய் மனுக் கொடுப்பது? நாள் முழுக்க வேலை, சின்னப் பிள்ளைகளுக்கும் வேலை, சங்கம் வைக்க உரிமை கிடையாது. 1936-ல் வ. சுப்பையா போன்றவர்கள் வழிகாட்ட, தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு மில்லுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஜூலை 30-ம் தேதி சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு. 12 பேர் செத்தார்கள். அந்தச் சாவு பாரிஸ் வரை எட்டியது. மறு வருஷம், 1937-ல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. இன்றும் ஜூலை 30-ஐப் புதுச்சேரியில் தியாகிகள் தினமாக அனுசரிக்கிறார்கள்.

இங்கேயும் வரிசையைப் பாருங்கள். முதலில் சாவு, பிறகுதான் காது.

இனி நம் சுதந்திர இந்தியாவுக்கு வருவோம். சட்டக் கல்லூரியில் படிக்கும் பையனோ பெண்ணோ உங்கள் வீட்டில் இருந்தால், 'சுவதேசி காட்டன் மில்ஸ் வழக்கு தெரியுமா?' என்று கேட்டுப்பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இயற்கை நீதிக்கு அது பெரிய உதாரணம். ஒருவருக்கு எதிராக முடிவெடுக்கும் முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்கிற தீர்ப்பு.

சவானா மில் பின்னாளில் சுதேசி மில் ஆனது. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட சுவதேசி காட்டன் மில்ஸ் கம்பெனிக்கு ஆறு இடங்களில் ஆலை; அதில் ஒன்று புதுச்சேரி. எழுபதுகளில் கம்பெனி தள்ளாடியது. கான்பூரில் சம்பள பாக்கி, கொந்தளிப்பு. 1977 டிசம்பர் 6-ம் தேதி அங்கே போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் செத்தார்கள். 1978 ஏப்ரலில் மத்திய அரசு ஆறு ஆலைகளின் நிர்வாகத்தையும் கையில் எடுத்துக்கொண்டது. சொன்ன காரணம், ஆலைகளின் சொத்தின் மேல் கடன் பாரத்தை ஏற்றி உற்பத்தியே கெடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது: 'எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?' 1981 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மூவரில் இருவர், 'கேட்டிருக்க வேண்டும்' என்றார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

நல்ல தீர்ப்புதான். எனக்கு அதில் சண்டையில்லை. கேள்வி வேறு. ஆலையை எடுக்கும் முன் கம்பெனியைக் கேட்க வேண்டும், சரி. ஆலையை அடமானம் வைக்கும் முன் அந்தக் கம்பெனி யாரைக் கேட்டது? புதுச்சேரியில் தறி ஓட்டியவரை யாராவது கூப்பிட்டு, 'ஐயா, உங்க பொழைப்பு மேலே கடன் வாங்கப் போறோம், சம்மதமா?' என்று கேட்டிருப்பார்களா? சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு 'நபர்'. ரத்தம், சதை, பசி எதுவும் இல்லாத அந்த நபருக்குப் பேச வாய் இருக்கிறது. அதற்குள் முப்பது வருஷம் நின்று உழைத்த நிஜ நபருக்கு இல்லை.

இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 1982 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. அது நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லிக்குப் போன வழக்கு. ஒரு கம்பெனியைக் கலைக்கச் சொல்லி மனு. நேஷனல் டெக்ஸ்டைல் ஒர்க்கர்ஸ் யூனியன், 'எங்களையும் கேளுங்கள்' என்று வந்தது. உனக்கென்ன வேலை இங்கே, நீ பங்குதாரரா, கடன் கொடுத்தவனா என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஐந்து நீதிபதிகளில் மூவர், தொழிலாளர்களையும் கேட்டாக வேண்டும் என்றார்கள். அதில் ஒருவர் அதே சின்னப்ப ரெட்டி! பெரிய வெற்றிதான். ஆனால் எப்போது கிடைத்த உரிமை பாருங்கள். கம்பெனியைக் கலைக்கும்போது. அதாவது, உயிரோடு இருக்கிறவரை வாயைத் திறக்காதே, சாவு வீட்டுக்கு வந்து ஒப்பாரி வைக்கலாம் என்று அர்த்தம்.

'சார், இதுக்குத்தான் அரசாங்கமே நடத்தணும்னு சொல்றது' என்று உங்களில் சிலர் சொல்வது காதில் விழுகிறது. நல்லது, அதையும் புதுச்சேரி பார்த்தாயிற்று.

1983-ல் ஏ.எஃப்.டி. மூடிக்கிடந்தது. தொழிலாளர் போராட்டம், ஊரே திரண்டது. 1986-ல் சட்டம் போட்டு அரசே எடுத்து, பாண்டிச்சேரி டெக்ஸ்டைல் கார்ப்பரேஷன் கையில் கொடுத்தது. அன்றைக்கு ஆயிரக்கணக்கான வீடுகளில் தீபாவளி. முன்பு கெப்ளே மில்லாக இருந்த பாரதி மில்லும் சுதேசியும் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கையில் இருந்து, பிற்பாடு புதுச்சேரி அரசிடமே வந்து சேர்ந்தன. ஆக ஊரின் மூன்று பெரிய மில்லுக்கும் மக்கள்தான் முதலாளி. கேட்கவே இனிக்கிறதல்லவா?

நடந்தது என்ன? மெஷின்கள் கிழடாகிக்கொண்டே வந்தன. வெளியே விசைத்தறி, மலிவுத் துணி, திறந்துவிட்ட சந்தை. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்ததில் ஏ.எஃப்.டி.க்குப் பலத்த சேதம். உற்பத்தி முடங்கி, தொழிலாளர்கள் 'லே-ஆஃப்' என்று வீட்டில் உட்கார்ந்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் 'ஆலையைத் திறப்போம்' என்று மேடையில் பேச்சு. 2020-ல் பூட்டு. பாரதி, சுதேசி கதையும் பூட்டில்தான் முடிந்தது.

அப்போதிருந்த தொழில் தகராறு சட்டப்படி, நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையை மூடுவதென்றால் முதலாளி அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அரசாங்கம் தொழிலாளர் தரப்பையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். இங்கே ஆலையும் அரசாங்கத்தினுடையது, அனுமதி தருகிறவரும் அரசாங்கம். எபேர் துரை காலத்து நாட்டாமைக் கதை ஞாபகம் வருகிறதா?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நூறு வயசான பஞ்சாலையை எந்த மகானாலும் என்றென்றைக்கும் ஓட்ட முடியாது. கம்பெனிகளும் மனுஷர் மாதிரிதான். பிறக்கும், நோய்ப்படும், சாகும். சாவதைக் குற்றம் சொல்ல முடியாது. நோய் என்னவென்று வீட்டாரிடம் சொல்லாமல் மறைத்து, கடைசி நாளில் 'ஆள் போயிட்டாரு' என்பதுதான் குற்றம். தனியார் முதலாளி லாபத்துக்காக மறைத்தார். அரசு ஓட்டுக்காக மறைத்தது. தனியாரிடம் குறைந்தபட்சம் பணம் போட்டவனாவது சட்டையைப் பிடித்துக் கேட்பான். அரசு கம்பெனியில் எல்லோரும் முதலாளி என்பதால் கேட்க யாருமே இல்லை. பொதுச் சத்திரத்துத் திண்ணை மாதிரி.

ஆகவே தனியாரா, அரசா என்று நாம் ஐம்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கும் பட்டிமன்றமே தப்பான தலைப்பு. முதலாளி யார் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

'அதான் இப்ப எல்லாத்துக்கும் சட்டம் வந்தாச்சே' என்பீர்கள். வந்தாச்சு. 2009 ஜனவரியில் சத்யம் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ஐயாயிரம் கோடிக்கு மேல் பணம் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். அதற்குச் சில மாதம் முன்புதான், 2008-ல், அந்தக் கம்பெனிக்குச் சிறந்த நிர்வாக நெறிக்கான 'கோல்டன் பீகாக்' விருது கொடுத்திருந்தார்கள். போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் வரை இருந்தார். தங்க மயில் அகவியது, களவு தெரியவில்லை.

அதற்குப் பிறகு 2013-ல் புதிய கம்பெனிச் சட்டம் வந்தது. அதில் இரண்டு விஷயம். ஒன்று எல்லோருக்கும் தெரியும். பெரிய கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக் கழிப்பறை வாசலில் கம்பெனி பெயர் எழுதியிருக்குமே, அது. வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் சமூகப் பொறுப்பு என்பது லாபத்தில் இரண்டு ரூபாயை எப்படிச் செலவழித்தாய் என்பது மட்டுமா? நூறு ரூபாயை எப்படிச் சம்பாதித்தாய் என்பதும் அதில் சேர்த்திதானே? முன்வாசலில் தண்ணீர்ப் பந்தல், கொல்லையில் சாக்கடை என்றால் அந்த வீட்டை என்ன சொல்வோம்?

இன்னொரு விஷயம் அதிகம் பேருக்குத் தெரியாது. அதே சட்டத்தின் 166-வது பிரிவு, ஒரு டைரக்டர் பங்குதாரர்களின் நன்மையை மட்டும் பார்த்தால் போதாது என்கிறது. ஊழியர்கள், சுற்றியுள்ள சமூகம், சுற்றுச்சூழல் இவற்றின் நலனையும் பார்த்து நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும். அருமையான வாசகம். ஆனால் அந்த டைரக்டர் நடக்கவில்லை என்றால்? கூட்டாகச் சேர்ந்து வழக்குப் போட அதே சட்டம் வழி செய்திருக்கிறது, பங்குதாரர்களுக்கும் கம்பெனியில் டெபாசிட் போட்டவர்களுக்கும். அந்தப் பிரிவில் ஊழியருக்கு இடமில்லை. விருந்துக்கு அழைப்பிதழில் பெயர் இருக்கிறது, பந்தியில் இலை போடவில்லை.

தொழிலாளர் நிர்வாகத்தில் பங்கு பெற அரசு வழி செய்ய வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தின் 43ஏ பிரிவே சொல்கிறது. 1976-ல் சேர்த்தது. அரசு வங்கிகளின் போர்டில் தொழிலாளர் தரப்புக்கு ஒரு நாற்காலி சட்டப்படி உண்டு. 2014-க்குப் பிறகு பல வங்கிகளில் அந்த நாற்காலி வருஷக்கணக்கில் காலியாகவே கிடந்தது. அதே 1976-ல் ஜெர்மனியும் ஒரு சட்டம் போட்டது. இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் பிரதிநிதிகளுக்கு. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபோக்ஸ்வேகன் காரில் புகை அளவை ஏமாற்றிய மோசடி 2015-ல் வெளிவந்தபோதும் அந்தக் குழுவில் ஊழியர்கள் இருந்தார்கள். நாற்காலி போட்டால் மட்டும் களவு நின்றுவிடாது. ஆனால் ஆலையை மூடுவது, இடம் மாற்றுவது என்று பேச்செடுத்தால், எதிரே உட்கார்ந்து 'ஏன்?' என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார். அந்த 'ஏன்' கேட்கப்படுவது மூடிய பிறகு அல்ல, முன்பே.

நம் ஊரில் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், மூடுவதற்கு அனுமதி வாங்க வேண்டிய வரம்பு நூறு பேரிலிருந்து முந்நூறாக உயர்ந்துவிட்டது. தொழில் தொடங்க வசதியாக இருக்கும் என்பது அரசின் வாதம். இருக்கட்டும். ஆனால் இருநூற்றைம்பது பேர் வேலை செய்யும் ஆலையில், சாவு வீட்டு ஒப்பாரிக்கும் இனி கேள்வி கேட்பாரில்லை.

'நான் ஐ.டி.யில் இருக்கிறேன், எனக்கென்ன?' என்று நினைக்கிறீர்களா? உங்கள் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி 2015-லிருந்து பங்குச் சந்தைக்குப் போகிறது. மாசாமாசம் எஸ்.ஐ.பி. வேறு கட்டுகிறீர்கள். அப்படியானால் இந்தியாவின் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் நீங்களும் ஒரு குட்டி முதலாளி. அதே சமயம் ஒரு ஈமெயிலில் வேலை போகக்கூடிய தொழிலாளியும் நீங்களேதான். உங்கள் பணத்தை வைத்து ஃபண்டுக்காரர் கம்பெனிக் கூட்டத்தில் எப்படி ஓட்டுப் போட்டார் என்று அவருடைய இணையதளத்தில் போட்டாக வேண்டும் என்பது விதி. ஒரு தடவையாவது திறந்து பார்த்ததுண்டா? பக்கத்துவீட்டுக் கல்யாணத்துக்கு எழுதிய மொய்யை நோட்டில் குறித்துவைக்கிற ஜாதி நாம். இதை மட்டும் பார்ப்பதில்லை.

ரொம்பப் பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம். ஆலையை அடமானம் வைத்தால் அது வாசல் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். பி.எஃப். கட்டாமல் பாக்கி வைத்தால் அந்தத் தொகையும் அதே பலகையில். போர்டில் சம்பளம் வாங்கும் ஆட்களில் ஒருவருக்கு இடம், அதுவும் காலியாகக் கிடக்காத இடம். மூடுவதென்றால் ஒரு வருஷம் முன்பே கணக்கை வைத்துக்கொண்டு பேச்சு. முதலாளி அரசாங்கமாக இருந்தாலும் இதே விதி, இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக. இதைச் செய்தால் எல்லா ஆலையும் பிழைத்துக்கொள்ளுமா? பிழைக்காது. ஆனால் பையனை எந்தப் படிப்பில் சேர்ப்பது, பெண்ணின் கல்யாணத்தை எப்போது வைப்பது, வீட்டுக்கடன் வாங்கலாமா, கூடாதா என்று ஆயிரம் குடும்பங்கள் முன்கூட்டியே யோசித்து முடிவெடுக்க முடியும். ரோடியர் மில் தொழிலாளிக்கு அந்த ஒரு வருஷம் கிடைக்கவில்லை. லே-ஆஃப் காலத்தில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் 'திறப்போம்' என்கிற மேடைப் பேச்சுதான்.

அடுத்த மாசம் உங்கள் கம்பெனியில் டவுன்ஹால் மீட்டிங் என்று கூப்பிட்டு, 'எனி கொஸ்டின்ஸ்?' என்று கேட்பார்கள். வழக்கமாக எல்லோரும் சமோசா தட்டைப் பார்ப்போம். இந்தத் தடவை யாராவது ஒருவர் கையைத் தூக்குங்கள்.